உமினா கடற்கரையில் கிடைத்த மாவு பூசிய சில்வண்டு எது, அது எந்த மண்ணைச் சேர்ந்தது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே, உமினா கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறீர்கள். ஜனவரியில் ஒரு நாள், தெருமுனையில் பட்டை உரிந்து தொங்கும் பேப்பர்பார்க் மரத்தில் உங்கள் மகன் ஒரு சில்வண்டைப் பிடித்திருக்கிறான். பழுப்பு உடம்பு, அதன்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. கண்ணாடிச் சிறகின் நுனிப்பக்கம் இரண்டு பழுப்புக் கறை. பக்கத்து வீட்டுக்காரர் "இது கடற்கரைச் சில்வண்டு, மணலுக்குள்ளே வாழ்வது" என்றிருக்கிறார். இன்னொருவர் "பச்சைச் சில்வண்டிலேயே பழுப்பு வகை உண்டு, அதுதான் இது" என்றிருக்கிறார். யார் சொன்னது சரி, ஊரில் குற்றாலம் பக்கம் காது அடைக்கக் கத்துவதும் இதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் அடிப்படையாக இருப்பது இரண்டு கேள்வி. ஒன்று பெயர். மற்றது, இந்தப் பூச்சி கடலுக்குச் சொந்தமா, மரத்துக்குச் சொந்தமா என்பது. இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவது பாதி தீர்ந்துவிடும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் பூச்சியியல் படித்தவன். அப்புறம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், குடியிருப்புகளுக்கு ஒட்டிய காடுகளில் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். சில்வண்டு என் தனி ஆராய்ச்சித் துறை கிடையாது. ஆனால் அந்தக் கரையில் கோடையில் வெளிவேலை பார்ப்பவர்கள் சில்வண்டுகளைப் பழகாமல் இருக்க முடியாது. எந்த மரத்தில் எது உட்காரும் என்பது தானாகவே மனதில் பதிந்துவிடும். நீங்கள் படம் எதுவும் சேர்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வது உங்கள் வர்ணனையை நம்பிச் சொல்வது. அதில் எந்தப் பகுதி உறுதி, எந்தப் பகுதி என் ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஃப்ளோரி பேக்கர். உடம்பெல்லாம் மாவு படிந்த ரொட்டிக் கடைக்காரரை வைத்து அங்கே வழங்கும் பெயர் அது. அறிவியல் பெயர் அலீட்டா கர்விகோஸ்டா. 1834இல் ஜெர்மார் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் இதை முதலில் விவரித்தார். நெடுங்காலம் அப்ரிக்டா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பில், வைத்திருந்தார்கள். 2003இல் ஆஸ்திரேலியச் சில்வண்டு ஆய்வாளர் மேக்ஸ் மோல்ட்ஸ் இதற்கென்று அலீட்டா என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நூலகத்தில் கிடைக்கும் பழைய கையேடுகளில் அப்ரிக்டா கர்விகோஸ்டா என்றுதான் இருக்கும். இரண்டும் ஒரே பூச்சிதான், குழம்ப வேண்டாம்.

இந்தப் பெயரை நோக்கி என்னை இழுத்தது மாவைவிட உங்கள் மகன் கவனித்த அந்த இரண்டு கறைகள்தான். சில்வண்டின் முன்சிறகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் சிறகைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருக்கும். நுனி ஓரத்தில் வரிசையாக நீண்ட அறைகள் இருக்கும். ஃப்ளோரி பேக்கரில் அவற்றில் இரண்டு அறைகளின் அடிப்பக்கத்தில், நரம்பு குறுக்கே ஓடும் இடத்தில், கரும்பழுப்பாக ஒரு கறை இருக்கும். மை கசிந்து நின்ற அளவுதான், பெரிய புள்ளியெல்லாம் இல்லை. சிறகின் மற்ற பகுதி தெளிவாக இருக்கும். அடுத்ததாகத் தலைக்குப் பின்னால் இருக்கும் முன்மார்புப் பட்டையைப் பாருங்கள். அதன் நட்டநடுவே மேலிருந்து கீழாக வெளிர்நிறக் கோடு ஒன்று ஓட வேண்டும். கண்களும் பழுப்பாகவே இருக்கும். உடம்பு ஏறக்குறைய 3 செ.மீ.; சிறகு உடம்பைத் தாண்டி நீளும் என்பதால் உட்கார்ந்திருக்கும்போது அதைவிடப் பெரிதாகத் தெரியும். பெண் ஆணைவிடப் பெரியது. கறை, கோடு, மாவு மூன்றும் சேர்ந்து இருந்தால் நான் வேறு எதையும் தேட மாட்டேன்.

மாவு என்று சொல்வது உண்மையில் தூள் கிடையாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியே பார்த்தால், பழுப்புத் தோலின்மேல் மிக நுண்ணிய வெள்ளை இழைகள் படுத்திருப்பது தெரியும். கால்களின் இடுக்கிலும் வயிற்றின் அடியிலும் அடர்த்தியாக இருக்கும். விரல் பட்டால் அவை உதிர்ந்து, கோலப்பொடியைத் தொட்டு எடுத்த விரல் மாதிரி ஆகிவிடும். கடல்காற்றில் வந்த உப்போ மணலோ மரத்தின் பட்டைத்தூளோ இல்லை. பூச்சியின் உடம்பிலேயே உண்டானது. தோலுரித்து வெளிவந்த புதிதில் இது நிறைய இருக்கும். கிளைகளில் உரசி, மழையில் நனைந்து, நாள் ஆக ஆகத் தேய்ந்துவிடும். பிப்ரவரி கடைசியில் பிடிபடும் கிழட்டுப் பூச்சியில் மாவே இல்லாமல், சாதாரணப் பழுப்புச் சில்வண்டாக நிற்கும். மாவை மட்டும் நம்பி அடையாளம் சொல்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கறை அழியாது, கோடும் அழியாது. அதனால் எனக்கு அவைதான் முக்கியம்.

இனி இரண்டாமவர் சொன்ன பச்சைச் சில்வண்டு. அது அப்படியே தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை. கிரீன் குரோசர் என்று அங்கே அழைக்கும் சைக்லோசிலா ஆஸ்ட்ரலேசியே வழக்கமாகப் பச்சை. ஆனால் ஒரே இனத்துக்குள் மஞ்சள், நீலம் கலந்த பச்சை, முகமூடி போட்ட மாதிரி கறுப்புப் பட்டை உள்ளது என்று பல நிறங்கள் உண்டு. சாக்லேட் சோல்ஜர் என்ற கரும்பழுப்பு நிறமும் அதில் ஒன்று. ஆகவே பழுப்பாகப் பச்சைச் சில்வண்டு இருக்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் உடம்பு நல்ல பருமன், தலை அகலம், இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே நெற்றியில் மூன்று சிவந்த சிறுகண்கள் பளிச்சென்று தெரியும். உடம்பில் மாவு கிடையாது. நீங்கள் சொன்ன அந்தச் சிறகுக் கறையும் கிடையாது. காலமும் ஒத்துவரவில்லை. பச்சைச் சில்வண்டு வசந்தத்திலேயே, செப்டம்பர் கடைசியிலிருந்தே வெளிவரத் தொடங்கிவிடும். ஜனவரிக்குள் கூட்டம் குறைந்துவிடும். ஃப்ளோரி பேக்கர் நவம்பர் கடைசியில்தான் தொடங்கும், பிப்ரவரி கடைசி வரை மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். மே மாதத்தில்கூட ஒன்றிரண்டு கண்ணில் படும். உங்கள் ஜனவரிப் பூச்சி இந்தக் கணக்கில் கச்சிதமாக உட்காருகிறது.

என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது வேறொரு இனம். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒயிட் டிரம்மர் என்ற அருண்டா பெருலாட்டாவும் உண்டு. அதன் உடம்பிலும் வெள்ளை படிந்திருக்கும், அதுவும் கடலோரத்துப் பூச்சி. பக்கத்து வீட்டுக்காரர் "கடற்கரைச் சில்வண்டு" என்று சொன்னது ஒருவேளை இதைப் பற்றிய ஞாபகமாக இருக்கலாம், அது என் ஊகம்தான். இதில் ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. சில்வண்டின் ஒலிக்கருவி வயிறு தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் இருக்கிறது. ஒயிட் டிரம்மர் ஆணுக்கு அந்தக் கருவியை மூடும் தகடு உப்பிப் பையாகி, வெள்ளையாகப் பக்கத்துக்கு ஒன்றாகத் தெரியும். ஃப்ளோரி பேக்கருக்கு அப்படிப் பை கிடையாது. பிடிபட்டது பெண் என்றால் பை இருக்காது. அப்போது சிறகுக் கறையையும் முதுகுக் கோட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இன்னொரு தடயம் மரம். ஒயிட் டிரம்மரை நான் தேடிப் போவது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரிஸ்பேன் வாட்டர் கழிமுகத்தின் கண்டல் மரங்களுக்கும், அதை ஒட்டிய சதுப்புச் சவுக்குகளுக்கும். அந்தக் கண்டல் வேறெதுவும் இல்லை, நம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நிறைந்திருக்கும் அதே வெண்கண்டல் இனம்தான். உங்கள் பூச்சி கிடைத்தது பேப்பர்பார்க் மரத்தில். அதனால் தராசு ஃப்ளோரி பேக்கர் பக்கமே சாய்கிறது.

அந்தக் கரையின் மிகப் பெரிய சில்வண்டான டபுள் டிரம்மரை இதில் சேர்க்கவே வேண்டாம். ஆரஞ்சுப் பழுப்பும் கறுப்பும் கலந்த உடம்பு, ஆணுக்கு இரண்டு பக்கமும் பெரிய பை. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். சிவந்த கண்ணும் கறுப்பு உடம்புமாக வரும் ரெட் ஐ என்ற சில்வண்டும் அப்படியே.

ஒலியைப் பற்றி "முதலில் விட்டு விட்டு, பிறகு நிற்காமல் இரைகிறது" என்று எழுதியிருந்தீர்கள். ஃப்ளோரி பேக்கரின் பாட்டு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது: துண்டு துண்டாகத் தொடங்கி, இடைவெளி மாறி, தொடர் இரைச்சலாக முடியும். ஆண் மட்டும்தான் பாடும். வரிவரியாக மடிப்புள்ள சவ்வு ஒன்றை உள்ளிருக்கும் தசை இழுத்து விடும். சவ்வு உள்ளே மடங்கும்போது ஒரு சொடுக்கு. இதை மிக வேகமாக அடுத்தடுத்துச் செய்தால் நம் காதுக்கு அது ஒரே நீண்ட ஒலியாகிவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும் காற்றறை அதைப் பெரிதாக்குகிறது. ஆனால் நீங்கள் எழுத்தில் சொல்லும் ஒலியை வைத்து நான் இனத்தை உறுதி செய்ய மாட்டேன். ஒரே மரத்தில் இரண்டு இனம் சேர்ந்து பாடுவது சாதாரணம். கையில் பிடித்ததும் காதில் கேட்டதும் வெவ்வேறாக இருக்கலாம். ஒலியைவிட எனக்கு உதவுவது எண்ணிக்கை. டபுள் டிரம்மர் கூட்டமாகப் பாடி ஒரு சரிவையே நிரப்பும். ஃப்ளோரி பேக்கர் தனியாள். ஒரு மரத்தில் ஒன்று, நாலு வீடு தள்ளி இன்னொன்று என்று இருக்கும். குற்றாலத்தில் நீங்கள் கேட்டது நிச்சயம் இது இல்லை. ஃப்ளோரி பேக்கர் ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில்வண்டுகள் வேறு பேரினங்கள். சில்வண்டு மண்ணோடு கட்டுண்ட பூச்சி, கடல் கடந்து பரவுவது மிக மிக அரிது.

சரி, மணலுக்கு வருவோம். "மணலுக்குள் வாழ்வது" என்ற பேச்சில் ஒரு பாதி உண்மை. எல்லாச் சில்வண்டும் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள்தான் கழிக்கிறது. பெண் தன் முட்டையிடும் ஊசியால் சிறு குச்சிகளில் கீறி முட்டைகளைச் செருகும். பொரித்த குஞ்சு எறும்பைவிடச் சிறியது. அது தரையில் விழுந்து, கிடைத்த வெடிப்பில் புகுந்து, வேரைத் தேடிப் போகும். தோண்டுவதற்கென்றே முன்கால்கள் தடித்துப் பல் வைத்திருக்கும். வேரில் தன் உறிஞ்சுகுழலைக் குத்தி, மரம் கீழிருந்து மேலே ஏற்றும் நீரைக் குடிக்கும். அந்த நீரில் சத்து மிகக் குறைவு. சர்க்கரை நிறைந்த சாறு மரத்தில் வேறு குழாயில் ஓடுகிறது. சில்வண்டு குடிப்பது வேரிலிருந்து இலைக்குப் போகும் தண்ணீர்க் குழாயிலிருந்து. போதாத சத்துகளை அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. இவ்வளவு நீர்த்த உணவில் வளர்வதால்தான் வளர்ச்சி அத்தனை மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. உயிருள்ள வேர் இல்லாத மண் சில்வண்டுக்கு வெறும் மண். நீங்கள் துண்டு விரித்து உட்காரும் கடற்கரை மணலில் எந்தச் சில்வண்டும் வளராது. கடலோரச் சில்வண்டு என்று ஒன்றைச் சொன்னால், அலைக்குப் பக்கத்தில் வாழ்வது என்று அர்த்தமில்லை. கடலுக்கும் மலைக்கும் நடுவே மழை விழும் ஒரு பட்டையில், அங்கே வளரும் மரங்களின் வேரில் வாழ்வது என்று அர்த்தம். ஃப்ளோரி பேக்கரின் பரப்பைப் பாருங்கள்: வடக்கே குவீன்ஸ்லாந்தின் டெய்ன்ட்ரீ ஆற்றிலிருந்து தெற்கே நியூ சவுத் வேல்ஸின் பெண்டலாங் வரை, 2000 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். ஆனால் அகலம் கொஞ்சம்தான். ஆஸ்திரேலியாவின் கிழக்கு மலைத்தொடர் கடல்காற்றின் ஈரத்தைத் தன் கிழக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டினால் நிலம் வறண்டுவிடும். இந்த இனமும் கிழக்கோடே நின்றுவிடுகிறது. மழை அதிகமுள்ள இடத்துப் பூச்சிகள் உடலளவில் பெரிதாக இருக்கின்றன என்பதும் பதிவான செய்தி. மழை மிகுந்தால் வேரில் நீர் மிகும். அதுதான் உடலைப் பெரிதாக்குகிறது என்று நான் நினைக்கிறேன். இந்தக் கடைசி வாக்கியம் என் விளக்கம் மட்டுமே.

உங்கள் ஊரையே எடுத்துக்கொண்டு கடலிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். முதல் மணல்மேட்டில் உப்புக்காற்றைத் தாங்கும் கடலோர வாட்டில் என்ற அகேசியா வகையும் பேங்க்ஸியா மரமும். அதைத் தாண்டினால் தரை தாழும். மணல்மேடு தடுப்பதால் மழைநீர் கடலுக்கு வடியாமல் அங்கே தேங்கி, மண் கறுத்து, இலைமக்கு சேர்ந்திருக்கும். தண்ணீரில் நிற்கத் தெரிந்த மரம்தான் அங்கே பிழைக்கும். மெலலூக்கா என்ற பேப்பர்பார்க் பேரினம் அதில் கைதேர்ந்தது. அகல இலைப் பேப்பர்பார்க், கோடையில் பனி பெய்த மாதிரி வெண்பூ பூக்கும் மெலலூக்கா லினாரிஃபோலியா, இவை இரண்டும் அந்தப் பக்கத்துக்குரிய மரங்கள். ஃப்ளோரி பேக்கர் பல மரங்களில் உட்காரும், தோட்டத்து வெளிநாட்டு மரங்களிலும் உட்காரும். ஆனால் அதன் விருப்பம் மெலலூக்காதான். மேடான, வடிகால் உள்ள மணற்சமவெளிக்கு வந்தால் யூகலிப்டஸும் அதன் உறவான ஆங்கோஃபோரா மரமும் வரும். அதற்கும் மேலே மணற்பாறைக் குன்றுகளில் டபுள் டிரம்மரின் ராஜ்யம். நடந்து போனால் அரை மணி நேரத்துக்குள் இத்தனை வாழிடங்களும் மாறிவிடும். இந்த வரிசையை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், பாதிச் சில்வண்டுகளுக்குப் பூச்சியைப் பார்க்காமலேயே நாலைந்து பெயருக்குள் வந்துவிடலாம் என்பது என் அனுபவம். அதனால்தான் அடையாளம் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் "எந்த மரம், எந்த மாதம்" என்று கேட்கிறேன்.

இந்த வாழிடங்கள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். உமினாவின் பெயரிலேயே அழைக்கப்படும் கடலோர மணற்சமவெளி மரக்காடும், கரையோரத் தாழ்நிலங்களின் பேப்பர்பார்க் சதுப்புக் காடும் நியூ சவுத் வேல்ஸ் அரசின் அருகிவரும் சூழல் தொகுதிகள் பட்டியலில் இருக்கின்றன. வீட்டுமனைக்காகச் சதுப்பைத் தூர்த்ததும் சாலை போட்டதும் காரணம். ஃப்ளோரி பேக்கர் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் இல்லை. அது இன்னும் நகரத்துக்குள் கண்ணில் படுவதற்கு, அதே பேப்பர்பார்க் மரங்களைத் தெருவோரம் வரிசையாக நட்டிருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் தெருமரம் மட்டும் போதாது. அதன் அடியில் குஞ்சு இறங்கவும் வளர்ந்தது ஏறவும் திறந்த மண் வேண்டும். மரத்தைச் சுற்றி அடிமரம் வரை கான்கிரீட் போட்டால், மேலே மரம் பசுமையாக நின்றாலும் கீழே இருப்பவை வெளியேற வழியில்லாமல் போகும். மரத்தை வெட்டினால் வேரில் தொங்கிக்கொண்டிருக்கும் அத்தனை வருடக் குஞ்சுகளும் சேர்ந்து போகும். தெருமரத்தின் அடியை மூடச் சொல்லி நகராட்சிக்கு மனுப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் தெருவில் அப்படிப் பேச்சு வந்தால் தயவுசெய்து எதிர்த்துப் பேசுங்கள்.

எத்தனை வருடம் மண்ணுக்குள் இருக்கும் என்று மகன் கேட்டானாம். இதில்தான் இணையத்தில் அதிகக் குழப்பம். 17 வருடம் என்பது அமெரிக்காவின் மாஜிசிகாடா இனங்களின் கணக்கு. அவற்றிலேயே சில 13 வருடம். 2024இல் 13 வருடக் கூட்டம் ஒன்றும் 17 வருடக் கூட்டம் ஒன்றும் ஒரே கோடையில் வந்தன. அந்த இரண்டும் அப்படிச் சேர்ந்தது அதற்கு முன் 1803இல். இந்தியாவிலும் மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் நாலு வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாக வரும் ஒரு சில்வண்டு இருக்கிறது. சிட்னியில் சொல்லும் 7 வருடக் கணக்கு பச்சைச் சில்வண்டைப் பற்றியது, அதுவும் தோராயம். ஃப்ளோரி பேக்கர் இந்தக் கூட்ட வகையைச் சேர்ந்ததே இல்லை. எல்லாக் கோடையிலும் வரும், பருவம் முழுக்கப் பரவலாக வரும். அதன் மண்ணடி வாழ்வு இத்தனை வருடம் என்று யாராவது ஒரே எண்ணாகச் சொன்னால் நம்பாதீர்கள். "சில வருடம்" என்று மகனிடம் சொல்லுங்கள், அது நேர்மையான பதில்.

பக்கத்து வீட்டுக்காரர் மணலில் துளைகளைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். துளையில் இரண்டு வகை உண்டு. வளர்ந்த குஞ்சு ராத்திரியில் வெளியேறிய துளை வட்டமாக, விரல் நுழையும் அளவில், சுற்றிலும் மண்குவியல் இல்லாமல் சுத்தமாக இருக்கும்; பக்கத்து மரத்தில் அது உரித்துவிட்ட தோல் காலிக் கூடாகத் தொங்கும். துளையின் வாயில் அள்ளிக் கொட்டிய மணல்மேடு இருந்தால் அது சில்வண்டு வேலை இல்லை, சில்வண்டைத் தின்பவரின் வேலை. எக்சைரஸ் லாட்டெரிஷியஸ் என்ற பெரிய செம்மஞ்சள் குளவி அந்தக் கரையில் உண்டு. மரத்தில் சில்வண்டைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, தன் உடம்பைவிடப் பெரிய சுமையைத் தரையில் இழுத்துக்கொண்டு போய், மணலுக்குள் அறை தோண்டி வைத்து, அதன்மேல் முட்டையிடும். குளவிப் புழு பொரித்து அந்தச் சில்வண்டைத் தின்று வளரும். ஃப்ளோரி பேக்கர் அவ்வளவாகப் பறக்கத் தெரியாத பூச்சி, ஆகவே இந்தக் குளவிக்கும் பறவைகளுக்கும் எளிதில் அகப்படும். மகனை அந்த மணல்மேட்டைக் கிண்ட விடாதீர்கள். குளவி வலியப் போய்த் தாக்குவது இல்லை, ஆனால் கையில் அகப்பட்டால் கொட்டும்.

சில்வண்டு கொட்டாது. கையில் வைத்திருந்தால் மிஞ்சிப்போனால் மரக்கிளை என்று நினைத்து உறிஞ்சுகுழலை ஊன்றப் பார்க்கும், எடுத்து விட்டுவிடலாம். மரத்தடியில் நிற்கும்போது தூறல் விழுவதாக எழுதியிருந்தீர்களே, அது பூச்சி வெளியேற்றும் நீர்தான். நீர்த்த சாற்றை நிறையக் குடிப்பதால் நிறைய வெளியேற்றுகிறது. அசுவினியின் கழிவு மாதிரிப் பிசுபிசுக்காது, கார் கண்ணாடியிலும் கறை பிடிக்காது. முட்டையிடக் கீறிய குச்சிகளில் சில காய்ந்து தொங்கலாம். வளர்ந்த மரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மருந்து அடிக்க எந்தக் காரணமும் கிடையாது.

உறுதி செய்ய விரும்பினால் அடுத்த முறை கிடைக்கும்போது மூன்று படம் எடுங்கள்: முன்சிறகு விரிந்த நிலையில் நுனி தெரிய ஒன்று, தலைக்குப் பின்னால் முதுகு நேராக மேலிருந்து ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று. வயிற்றுப்பக்கத்தில், பின்கால்களுக்குக் கீழே இரண்டு தகடுகள் பெரிதாக மூடியிருந்தால் ஆண். அவை இல்லாமல் வால்நுனி கூர்ந்து, நடுவே ஊசி வைக்கும் பிளவு தெரிந்தால் பெண். மரத்தின் இலையும் பட்டையும் தெரிய இன்னொரு படம் இருந்தால் இன்னும் நல்லது. எடுத்து முடித்ததும் பிடித்த அதே மரத்தில் விட்டுவிடுங்கள். வெளியே வந்தபின் அதற்கு மிச்சம் இருப்பது சில வாரங்கள்தான். படங்களை இந்தக் கேள்வியின் கீழேயே போடுங்கள். சிறகுக் கறை தெளிவாக இருந்தால் "பெரும்பாலும்" என்று நான் மேலே எழுதிய சொல்லை எடுத்துவிடுகிறேன். கறை இல்லாமல் பக்கத்தில் வெள்ளைப் பை தெரிந்தால் அது ஒயிட் டிரம்மர். அப்படியானால் பக்கத்திலேயே எங்கோ சவுக்கோ கண்டலோ இருக்க வேண்டும், அதையும் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.